இடைவேளையில் விற்ற லேகியம்

போதைப் பழக்கத்தால் ஒரு பணக்கார வீட்டுப் பையன் சீரழிகிற படத்தைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன் இதே பத்தியில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்’ என்று சிபாரிசு வேறு.

போன ஞாயிறு பதுளையில் அதே படத்துக்கு மறுபடியும் போனேன். மெட்னி ஷோ. பாதிக் கூட்டம் தேயிலைத் தோட்டத்து ஜனம். எழுத்துக்கு இத்தனை சக்தியா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பக்கத்து சீட்டில் பூனாகலைப் பக்கமிருந்து வந்த பார்வதி. கொழுந்தெடுப்பவர். கணவர் ராமையா கடலை வாங்கப் போயிருந்த நேரத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

ராமையாவுக்குத் தேயிலை பெக்டரியில் கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷினில் வேலை. உடம்பு வலிக்கென்று எப்போதோ ஒரு லேகிய உருண்டை வாங்கித் தின்றிருக்கிறார். கஞ்சா கலந்த லேகியம். இப்போது அது உள்ளே போகாமல், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கே எழும்ப முடியாது. போன மாதம் ரோலர் பக்கத்தில் கண் சொக்கி, கை போகாமல் தப்பியதே பெரிது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பேர் வெட்டிவிடுவதாக பெக்டரி ஐயா சொல்லிவிட்டாராம். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் அவர் பேரில்தான். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவது?

“ஸ்கூல் மாஸ்டர் பேப்பரப் படிச்சுக் காட்டுனாருங்க. இதப் பாத்தாச்சும் திருந்துவாருன்னு இழுத்துக்கிட்டு வந்தேன்.”

அதை எழுதியவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டேன் — நெஞ்சை நிமிர்த்தித்தான்.

படம் தொடங்கியது. அம்மாவின் நகையைத் திருடிப் பையன் ஊசி போட்டுக்கொண்டதும் ராமையா ‘ச்சொ’ கொட்டினார். ஆம்பிளைகள் எல்லோருமே கொட்டினார்கள்.

இடைவேளை வந்தது. வெளியே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டியோடு ஒருவன். பெட்டிக்குள் வாழைச் சருகில் சுற்றிய உருண்டைகள். ச்சொ கொட்டிய அதே ஆட்கள் அவனைச் சுற்றி ஈ மாதிரி! டிக்கெட் கிழிக்கிறவர்கூட ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு உச்சி எரிந்தது. “உள்ளே என்ன படம் ஓடுதுன்னு தெரியுமா?” என்றேன்.

“தெரியாம இருக்குமாங்க? இந்தப் படம் வந்த பொறகுதான் யாவாரமே சூடு புடிச்சிருக்கு” என்றான் அவன், இன்னொரு சருகைப் பிரித்தபடி.

ராமையா இரண்டு உருண்டைகளை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்காமலே பதில் வந்தது. “அந்தப் பையன் ஊசியில்ல போடுறான், ஐயா? அது போதை. இது மருந்துங்க.”

சொல்லுங்கள், யார்மேல் கோபப்படுவது? மருந்து என்று சொல்லி விஷம் விற்கிறவன்மேலா? காய்ச்சலுக்கும் கைவலிக்கும் ஒரே கலர்த் தண்ணியைக் கொடுத்து வேலைக்கு விரட்டுகிற தோட்டத்து டிஸ்பென்சரிமேலா? போதை என்றாலே பங்களா, ஊசி, சிவப்பு விளக்கு என்று காட்டுகிற சினிமாக்காரர்கள்மேலா? அதைப் பார்த்துப் புல்லரித்துப்போய் அரைப் பக்கம் எழுதினானே ஒரு புத்திசாலி... அவனை என்ன செய்யலாம்?

இரண்டாம் பாதியில் பையன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தான். தியேட்டரிலேயே அதிகமாக அழுதவர் ராமையாதான். தேம்பித் தேம்பி அழுதார். இளகின மனசு, இன்றோடு திருந்திவிடுவார் என்று பின் வரிசையில் ஒரு அம்மா மெச்சிக்கொண்டார். பார்வதி திரையைப் பார்க்கவேயில்லை. கணவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணின் சிவப்பு அழுததால் வந்ததல்ல என்று அவருக்குத் தெரியும்.

பையன் செத்தபோது ராமையா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நானும் பார்வதியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திப் போனோம். விடிந்தால் திங்கள். ரோலர் காத்திருக்கும், பெக்டரி ஐயாவும் காத்திருப்பார்.

பண்டாரவளை பஸ்ஸில் கணவரை ஏற்றி ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, பார்வதி என் பக்கம் திரும்பினார். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டுக்கொண்டார்.

“அடுத்த தடவ எழுதுறப்போ, இடைவேளை இல்லாத படமாப் பாத்து எழுதுங்க ஐயா.”