புயலை ஒரே வரியில் கடந்த கப்பல்

"அம்மா போயிட்டாங்க சார். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள் வசந்தா டீச்சரின் மகள் தொலைபேசியில். முதலில் சொல்லப்பட வேண்டியவன் நான்தானா என்று அப்போதே தயக்கமாக இருந்தது.

மரக்காணத்துப் பள்ளியில் டீச்சர் கணக்கு, நான் சரித்திரம். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய அட்டை கிழிந்த புத்தகம் நினைவிருக்கும். சிறுவர்களுக்காகச் சுருக்கிய பழைய சரித்திர சாகச நாவல். புதுச்சேரியில் நடைபாதைக் கடையில் வாங்கியது. கணக்குப் பாடம் சீக்கிரம் முடிந்தால் அதை எடுத்துவிடுவார். "மிச்ச நேரம் கதைக்கு" என்பார்.

ஒரு புயலின்போது பள்ளி முகாமானது. உப்பளத்து ஆட்கள் ஓர் அறையிலும் மீனவர் குப்பத்து ஆட்கள் ஓர் அறையிலும் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். டீச்சர் நடுவே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அந்த நாவலை வாசிக்கத் தொடங்கினார். மெல்ல இரு பக்கத்தாரும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். கதையில் கப்பல் புயலில் சிக்கியது. அடுத்த வரியில் கரை சேர்ந்தது.

"இன்னா டீச்சரம்மா, ஒரே வரில வந்துட்டான்? அந்தக் கடல் எங்க இருக்குது, நாங்களும் போறோம்" என்றார் குப்பத்து மீனவர் தேசிங்கு. சிரிப்பு அடங்கியதும், விட்டுப்போனதை நீங்களே சொல்லுங்கள் என்றார் டீச்சர். தேசிங்கு கதைக்குள் கப்பலின் பாயை இறக்கினார், சுக்கானை உடைத்தார். உப்பளத்துப் பெண்கள் "அப்புறம்?" என்றார்கள்.

சுருக்காத முழு நாவலையும் படித்தவன் நான். "மூலத்துல சுக்கான் உடையலைங்க" என்றேன்.

தேசிங்கு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். "நீங்க சொன்னது சரிதான் சார். ஆனா இனிமே அவர் பேசமாட்டாரே" என்றார் டீச்சர். நான் அரிசி மூட்டைகளைப் பார்க்கிற சாக்கில் நழுவினேன். திரும்பி வந்தபோது தேசிங்கு மறுபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் என்னை எங்கே பார்த்தாலும் நின்று வணக்கம் சொல்வார். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

டீச்சரின் சாவு வீட்டில் தேசிங்கே அதைச் சொன்னார். "நான் கோச்சிக்கினு போய்ட்டேன். டீச்சரம்மா பின்னாலேயே வந்து, 'சார்தான் உங்கள மேல சொல்லச் சொல்றாரு'ன்னாங்க. அவ்ளோ படிச்சவரே கேக்கறாருன்னுதான் திரும்பி வந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருத்த வேண்டியது இதுதான். திருத்தவில்லை. தலை குனிந்து நின்றேன். தேசிங்கு தொடர முயன்றார். பாதியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

"மேல சொல்லுங்க தேசிங்கு" என்றேன்.

அவர் சொன்னார்.

அன்று நான் அப்படிச் சொல்லவில்லை என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். டீச்சர் என் பெயரில் சொன்ன அந்த 'மேல சொல்லுங்க' மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. அது அவருடையது.