லிஃப்ட் மெக்கானிக் மறைத்த வலி

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரக் கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு பிரேக்கைக் கழற்றி மாட்டுவார், பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த மனுஷனைத்தான் கொக்கெயின் போதை பிடித்து ஆட்டியது. பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் அதை அடியோடு விட்டால்தான் திரும்பிப் போவாளாம்.

அந்தப் பழக்கத்தை நிறுத்த ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அதனால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று சோதித்துப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் தேடினார்கள். மாமா போய் முதல் குழுவில் சேர்ந்து படுத்துக்கொண்டார். துணைக்கு நான்.

சில நாள் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு, அந்தக் கொக்கெயின் சனியனையே கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள்! மாத்திரை சாப்பிடுகிறவர் சபலப்பட்டுப் பழையதையும் எடுத்துவிட்டால் இதயம் தாங்குமா என்று தெரியவேண்டுமாம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். எனக்குத்தான் திக்திக்கென்று இருந்தது.

ஊசி ஏறியதும் நர்ஸ் கேட்டார். "நெஞ்சுல வலி, அழுத்தம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

இதயத் துடிப்பைக் காட்டும் திரையிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் போர்வையோரத்தில் அவர் இடது கை மெத்தை விரிப்பைக் கசக்கியதை நான் பார்த்தேன். நர்ஸ் நகர்ந்ததும் குனிந்து கேட்டேன்.

"மாமா, வலிக்குதுதானே?"

"வாய மூடு மச்சான். சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. இதப் போட்டதுலேர்ந்து அந்த நெனப்பே வரல. உங்கக்கா வரணுமா வேண்டாமா?"

சொன்னால் அக்கா வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் மனுஷனே போவார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்தார். "உங்க குழுவில யாருக்கும் பிரச்சனை இல்ல. அடுத்த குழுவுக்கு இதே மாத்திரைய ரெண்டு மடங்கா குடுக்கப் போறாங்க."

அந்த அடுத்த குழுவில் ஒருத்தி வாசலிலேயே நின்றாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளாம். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, எனக்கு ரொம்ப பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது செஞ்சுதா?"

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிரேக் சந்தேகமா இருக்கற லிஃப்ட்ல இதுவரைக்கும் நான் யாரையும் ஏத்துனதில்ல மச்சான்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "சிஸ்டர்! நெஞ்சு வலிச்சுது. இப்பவும் வலிக்குது."

அப்புறம் ஒரே ஓட்டம். ஊசியும் மாத்திரையும் நின்றன. இரட்டை அளவையும் தள்ளிவைத்தார்கள். அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் சரியானபின் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை மட்டும் இனி கிடையாது.

கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம்.

"அக்காகிட்ட என்ன சொல்ல, மாமா?"

"நடந்தத சொல்லு. மாத்திரை இல்லாமலே விடப் பார்க்கறேன்னு சொல்லு." கதவு மூடியது. "பயமா இருக்குன்னும் சொல்லு."

தரைத்தளம் வரும்வரை என் மணிக்கட்டை அவர் விடவே இல்லை.