ஊசியை நிறுத்தினேன், ஊர் வாய் நிற்கவில்லை

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே, இன்று உங்களுக்குப் பிடித்த விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்: என் கர்ப்பப்பை. அதைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பேசியவர்கள் நீங்கள்தானே.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். மகள் பிறந்த பிறகு, அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பல வருஷம் போட்டுக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடம் போனதும், இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டு நிறுத்தினேன். மாதவிலக்கு வரவில்லை. மாதங்கள் போயின. வரவே இல்லை. இனி எனக்குக் குழந்தையே கிடையாது என்று அழுதேன்.

வேலூரில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இந்த ஊசிக்கு அப்படித்தாம்மா. உடம்பு பழையபடி ஆக ஒரு வருஷம்கூட ஆகலாம். பயப்படாதே" என்றார். மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், எனக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுத்தேன். சனிக்கிழமை காலை அந்தச் செய்தி கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இன்னாடி, ஊசி போட்டே கர்ப்பப்பைய காய வெச்சிட்டியாமே?" என்றார் கூட்டத்தை நடத்திய அக்கா; அவரும் அதே பஸ்தான். "ஆண்டவர் குடுக்கறத வேணாம்னு சொன்னல்ல, அதான் அடைச்சிட்டார்."

ஆண்டவர் மனசில் இருப்பதெல்லாம் அந்த அக்காவுக்கு அத்துப்படி. ஊசியைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் இருந்த மற்ற சபைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதற்குப் பெயர் எனக்காக மனபாரமாம், ஜெபமாம்.

அன்றோடு உங்களிடம் சொல்வதை விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, பயமா இருக்குது. என்னைத் தாங்குங்க" என்று அவரிடம் மட்டும் அழுதேன்.

ஒரு மதியம் வேலைக்கு நடுவே அடிவயிறு வலித்தது. பாத்ரூமுக்கு ஓடினேன். வந்துவிட்டது! சுவரில் சாய்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். சில மாதங்களில் கர்ப்பமானேன். இதோ, மகன் என் தோளில் தூங்குகிறான்.

"எங்க ஜெபம் வீண்போகல" என்று கேக்கோடு வந்தீர்களே. கேக்குக்கு மட்டும் நன்றி.

சமீபத்தில், அன்று உச்சுக்கொட்டியவர்களில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவர் மகளும் ஊசியை நிறுத்தியிருக்கிறாள், இன்னும் மாதவிலக்கு வரவில்லை. "யாருக்கும் தெரிய வேணாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்காக தினமும் ஜெபிக்கிறேன். அவர் யாரென்று தெரிந்துகொள்ள இப்போதே கழுத்தைத் திருப்புகிறீர்கள். திருப்புங்கள், நான் சொல்லப் போவதில்லை.

பயத்தோடு இருக்கிற சகோதரிகளே, டாக்டரைக் கேளுங்கள், ஆண்டவரை நம்புங்கள். அவரிடம் சொன்னது வெளியே போகாது.