பன்றிக் காய்ச்சலும் ஒரு பூப்போட்ட கோப்பையும்

என் மாமியார் என்னை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பன்றிக் காய்ச்சல் என்று முடிவு கட்டியிருந்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். நத்தாருக்குப் பன்றிக்கறி சமைக்காவிட்டால் எங்கள் வீட்டில் பாலன் பிறந்ததாகவே கணக்கில்லை. அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். மாமி இருந்த கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் மொன்றியலில் ஒரு வேதக்காரியைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு மாமி தொலைபேசி எடுக்கும்போது என் குரல் கேட்டால் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "அவன் நிக்கிறானோ?"

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தக் காய்ச்சல் மெக்சிக்கோவில் தொடங்கிக் கனடாவுக்கும் வந்தது. மொன்றியலில் எங்கள் பகுதியான வில்லரேயில் நாங்கள் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தெருமூலையில் டெப்பனூர் என்கிற சின்னக்கடை வைத்திருந்தவர் கைக்குப் பூசும் மருந்துப் போத்தல்களைச் சிகரெட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார். தேவாலயப் பூசையில் சமாதானம் சொல்லும்போது கைகொடுக்க வேண்டாம் என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வைகாசியில் எங்கள் ஆட்களுக்கு எந்தக் காய்ச்சலைப் பற்றியும் யோசிக்க மனமில்லை. வன்னியின் கடைசிப் போரிலிருந்து வந்த செய்திகளே எங்களைத் தின்றுகொண்டிருந்தன. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என் கணவர், "இனியும் அம்மாவைப் போய்ப் பாக்காமல் இருக்கேலாது" என்றார். நானே பயணச்சீட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

பயணத்துக்கு முன்பு மாமி பேசினார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அங்க பண்டிக் காய்ச்சலாமே. பண்டி தின்னுற ஆக்களுக்குத்தானாம் வருது. உனக்குப் பயமில்லை. நான் மற்றவைக்குச் சொல்லுறன்."

மற்றவை என்றால் நான். என் மனுசனுக்கோ வியர்த்தது. ஏனென்றால் நான் நத்தாருக்கு நத்தார் தொடுகிற அந்தப் பிராணியை, அவர் சனிக்கிழமைதோறும் ஜோன்-தலோன் தெருச் சாப்பாட்டுக்கடையில் முட்டையோடு பேக்கனாக விழுங்குகிறவர். என் தட்டில் மிச்சம் இருந்தால் அதையும் விடமாட்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு நின்றார்கள். உடம்புச் சூட்டைப் பார்க்க ஒரு கமெரா, அதற்குப் பக்கத்தில் ஒரு தாதி. எங்கள் ஆட்களை அந்த நாட்டில் எத்தனையோ இடத்தில் அடையாள அட்டைக்காக நிறுத்தியிருக்கிறார்கள். காய்ச்சலுக்காக நிறுத்தியது அதுதான் முதல்தடவை. எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு கிழமை வீட்டோடு இருக்க வேண்டும், சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமிக்கு அது வாய்த்த வரமாகப் போய்விட்டது. "நீங்கள் அந்த அறையுக்க இருங்கோ பிள்ளை. அரசாங்கம் சொல்லியிருக்கெல்லே" என்று என்னை மரியாதையாக உள்ளே விட்டார். சாப்பாடு பிளாஸ்டிக் தட்டில் வந்தது. கோப்பி, சிவப்புப் பூப்போட்ட, விளிம்பு உடைந்த ஒரு கோப்பையில் வந்தது. மனுசன் குசினியில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து தோசை சாப்பிட்டார், சில்வர் பேணியில் கோப்பி குடித்தார். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்தோம். கிருமி மட்டும் என்னைப் பார்த்து ஏறியிருக்கிறது.

"இஞ்சேருங்கோ, இந்தக் கோப்பை காய்ச்சலுக்கோ, வேதத்துக்கோ?" என்று கேட்டேன்.

"சும்மா இரும். ஒரு கிழமைதானே" என்றார்.

அந்த ஒரு கிழமைதான் என் பிரச்சினை. அது முடிந்த பிறகும் அதே கோப்பை வந்தால் காரணம் காய்ச்சல் இல்லை. அதை அறிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அறியப் பயமாகவும் இருந்தது.

கிழமை முடியுமுன் காய்ச்சல் வந்தது. எனக்கில்லை, மனுசனுக்கு.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பணிவான சிங்கள இளைஞர், தமிழ் ஓரளவு பேசினார். மூக்கிலிருந்து மாதிரி எடுப்பித்துவிட்டு, "இவரோட ஒண்டா சாப்பிட்டது யாரு?" என்று கேட்டார். மாமி பள்ளிப்பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். "அப்ப இவங்க?" என்று என்னைக் காட்டினார்.

"அவ அறையுக்க தனிய" என்றார் மாமி.

"ரொம்ப நல்லம். அப்ப முடிவு வாற வரைக்கும் இவங்க சமைக்கட்டும். நீங்க குசினிப் பக்கம் போக வேணாம் அம்மா."

இப்படித்தான் பன்றி தின்னி ஒருத்தி அரசாங்க உத்தரவோடு அந்தச் சைவக் குசினிக்குள் கால் வைத்தாள். மாமி தன் அறை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "அந்தக் கரண்டியைத் தொடாதை" என்பார். கொஞ்சம் பொறுத்து, "சரி, தொடு" என்பார். மரியாதை போய் ஒருமை வந்திருந்ததை நான் கவனித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் மாமியின் மூளை சும்மா இருக்கவில்லை. பன்றி தின்கிறவர்களுக்குத்தான் வரும் என்று சொன்னவர் அவரே.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. இவன் பண்டி தின்னுறவனோ?"

பக்கத்து அறையில் இருமல் சட்டென்று நின்றது.

"மாமி, அது தின்னுறதால வாற வருத்தமில்லை."

"நான் அதைக் கேக்கேல்லை."

மனுசனைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. ஆனால் இத்தனை நாளும் அவர் மட்டும் கோப்பி குடித்த அந்தச் சில்வர் பேணி என் கண்ணில் பட்டது.

"ஓம் மாமி. சனிக்கிழமையில. முட்டையோட."

"முட்டையுமோ!" மாமி நெஞ்சில் கைவைத்தார். "நீ?"

"நத்தாருக்கு மட்டும்."

பின்னேரம் நான் கோப்பி போட்டேன். மனுசனுக்குப் பேணியிலும், பழக்கத்தில் எனக்குப் பூக்கோப்பையிலும் ஊற்றினேன். மாமி கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"அந்தக் கோப்பையை அவனுக்குக் குடு. நீ பேணியை எடு."

"ஏன் மாமி, காய்ச்சலுக்கோ?"

"இல்லை" என்றார் மாமி. "பண்டிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாளும் அது எதற்காக வந்த கோப்பை என்பதை அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அது வலித்தது. ஆனாலும் அந்தப் பேணியில் குடித்த கோப்பிபோல அதற்கு முன்பு நான் குடித்ததில்லை.

முடிவு வந்தது: வெறும் தடிமன், பன்றிக் காய்ச்சல் இல்லை. மாமி நம்பவில்லை. நாங்கள் புறப்படும்போது கோப்பையைப் பேப்பரில் சுற்றி மகனுடைய பையில் வைத்துவிட்டார். வில்லரேயில் மனுசன் இன்றைக்கும் அதில்தான் கோப்பி குடிக்கிறார்.

சனிக்கிழமை காலையில் தவறாமல் கொழும்பிலிருந்து தொலைபேசி வரும். மனுசன் எடுத்தால் மாமி ஒரேயொரு கேள்விதான் கேட்பார்.

"அவள் நிக்கிறாளோ?"