மரக்கிளை வளைவு

டிரைவரம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அதுவும் பஸ்ஸிலேயே கழிய வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், பழைய நகரத்து மரத்தெருக்களைப் பார்க்க ஆசைப்பட்டார். டாக்ஸி பிடிக்கலாம் என்றும் சொன்னார்.

"டாக்ஸி எதுக்கு அண்ணி? நம்ம பஸ்ஸே அங்கதான் போகுது."

நாத்தனார் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை. தம்பி மனைவிக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "போக்குவரத்து ஆபீஸ்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டாரா என்பது டிரைவரம்மாவின் நெடுநாள் மனக்குறை. அதனால்தான் மெனக்கெட்டு ஜன்னலோரமாக உட்கார வைத்தாள்.

அன்று வண்டியை ஓட்டியவர் வேலைக்குப் புதுசு. ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவரம்மாவின் கால் தரையில் பிரேக்கைத் தேடியது.

"காலை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்றார் நாத்தனார்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். செங்கல் வீடுகள், இரும்புக் கிராதி வைத்த மாடங்கள், வெயிலைக் கீழே விடாத மரங்கள். நாத்தனார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். "இங்க ஒரு பூங்கா இருக்காமே, எங்க?" என்று கேட்டார். டிரைவரம்மா ஜம்பமாக முன்னால் நடந்தாள். நேராகப் போய் இடது, மறுபடி இடது, இன்னொரு இடது. வியர்க்க விறுவிறுக்கப் பூங்காவை அடைந்தால், மரங்களுக்கு அந்தப் பக்கம், எதிரிலேயே அவர்கள் இறங்கிய நிறுத்தம்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறியே, நியாயமா?"

"பஸ் இப்படித்தான் அண்ணி போகும். ஒருவழிப்பாதை." அத்தனை வருஷத்தில் அந்தத் தெருக்களில் அவள் கீழே இறங்கி நடந்ததே இல்லை. மானம் கப்பலேறியது போலிருந்தது அவளுக்கு.

திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வளைவில் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கும் கிளை, மறுபக்கம் யாரோ குறுக்கே நிறுத்திய வேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, டிரைவரம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, கொஞ்சம் இறங்கிப் பாருங்களேன்."

கைப்பையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள். கிளையைப் பார்த்து அவளுக்கென்ன பயம்? அன்றாடம் அதோடுதானே குடித்தனம்.

"வலது ஒடிங்க. போதும். கண்ணாடியை மடக்குங்க. இப்ப மெதுவா வாங்க, வாங்க."

கையசைத்தபடி பஸ்ஸுக்கு முன்னே பின்னோக்கி நடந்தாள். கிளைக்கும் வேனுக்கும் நடுவே பஸ் ஊசிக்குள் நூல் நுழைவது போல வந்தது. ஓர் இலைகூட உதிரவில்லை. பயணிகள் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"யாருங்க அந்தம்மா?" என்றார் முன் இருக்கைக்காரர்.

நாத்தனார் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். சொன்னது தெருமுனை வரை கேட்டது.

"என் தம்பி பொண்டாட்டி. பஸ் டிரைவர். இந்த வண்டியை ஓட்டுறதே அவதான்."

டிரைவரம்மாவின் கை மேலேயே நின்றுவிட்டது. தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார்.