தாய்மாமன் மடிக்கு ஓர் அளவெடுப்பு

கூரைமேல் ஏறி, சோலார் பேனல்கள் உண்மையில் எத்தனை கிலோவாட் தேறும் என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. ஊரே நிழல் தேடும் உச்சி வெயிலில்தான் எனக்கு வேலை. ஒரு மேகம் குறுக்கே வந்தாலும் எரிச்சலாகிவிடும்.

மோகனூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. பண்ணைக்கார அம்மாவின் தம்பிதான் பேனல்களை மாட்டிக் கொடுத்திருந்தார். இப்போது கரண்ட் குறைகிறது. தம்பி மட்டமான சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று அம்மாவுக்குக் கோபம். பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

"மகளுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறமுங்க. என்ற தம்பி மடியில உக்கார வெக்கறதா வேண்டாமான்னு நீங்க அளந்து சொல்லுங்க."

தாய்மாமன் மடியை அளக்கும் மீட்டர் என் பையில் இல்லை.

வெயிலின் பலம், பேனலின் சூடு இரண்டையும் குறித்துக்கொண்டு கரண்டை அளந்தேன். அந்த வெயிலுக்கு வரவேண்டியதைவிட நன்றாகவே குறைவு. ஏணியில் நின்று எட்டிப் பார்த்த அம்மா, "பாத்தீங்களா!" என்றார். குரலில் இருந்த வெற்றி முகத்தில் இல்லை.

பேனலைத் தடவினேன். சொரசொரவென்று வெள்ளைப் படலம். கோழிகளுக்குச் சூடு தாக்காமல் கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய், பேனல்வரை நீண்டிருந்தது.

"இது எதுக்குங்க?"

"கோழியாட்டமே இதும் வெயில்ல கெடக்குதுங்களே. குளுந்தா நல்லா வேலை செய்யும்னு நாந்தான் இழுத்துக் கட்டச் சொன்னேனுங்க."

எண்ணத்தில் தப்பில்லை. சூடு குறைந்தால் பேனல் நன்றாகத்தான் உழைக்கும். ஆனால் அந்த போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்து காய்ந்து கண்ணாடியை மூடிவிட்டது. எலுமிச்சம்பழம் வாங்கி, சாற்றைத் தண்ணீரில் கலந்து ஒரே ஒரு பேனலைத் தேய்த்துக் கழுவினேன். அது மறுபடி சுடும்வரை காத்திருந்து அளந்தேன். பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் கம்பெனி போட்ட கணக்குக்கு வந்து நின்றது. கழுவாத பக்கத்துப் பேனல் படுத்தேதான் கிடந்தது.

"நல்ல சரக்குங்க. உங்க தம்பி ஏமாத்தலீங்க."

அம்மா ஏணியை இறுகப் பிடித்தபடி அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், மாமன் இல்லாம எப்பிடிடா காது குத்தறது? வந்து சேரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பதெல்லாம் அக்காக்களுக்கு ஏது?

"அழுவாதடா. வாரப்ப எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை வாங்கியா" என்றார் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.