பால்வாடிச் சத்துமாவு

தங்கை சுமதி புரோட்டீன் பவுடர் டப்பாவைத் திறந்தாள். பட்டாணியில் செய்ததாம். வாசனை மட்டும் அப்படியே பால்வாடிச் சத்துமாவு.

மரக்காணத்தில் அம்மா உப்பளத்திலிருந்து வந்த கையோடு அந்த மாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடிப்பாள். சுமதிக்கு மட்டும்.

"பால்வாடியில அஞ்சு வயசு வரைக்கும்தான்டி குடுப்பாங்க. உனக்குத் தாண்டிடுச்சு" என்பாள். எனக்கு அவள் விரல்களில் ஒட்டிய மாவுதான். நக்கினால் இனிப்புக்கு முன்னால் உப்புக் கரிக்கும். சுமதியோ என் எதிரில் உட்கார்ந்து ஒரே உருண்டையை ஒரு மணி நேரம் தின்பாள்.

இன்று அவள் பவுடரைக் கலக்கும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

"நீயும் ஒரு டம்ளர் குடிக்கிறியாக்கா?"

"வேணாம். உனக்குத்தான் சின்ன வயசிலிருந்தே இது உசுரு."

சுமதி சிரித்தாள். "அந்த உருண்டையா? எனக்குக் கொமட்டும்க்கா. நீ பார்த்துக்கிட்டே இருப்பல்ல, அதுக்காகத்தான் தின்னேன்."